பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறதா? டிஸ்க்கை மாற்றும் முன் ஹப்பைப் பாருங்கள்

"பிரேக் போட்டா ஸ்டீயரிங் ஆடுது" என்று எந்த ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னாலும், வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன்பே பதில் வந்துவிடும்: "டிஸ்க் பெண்டு ஆயிருக்கும் சார், மாத்திடலாம்." மாற்றினால் ஆட்டமும் நின்றுவிடும். நின்றுவிட்டதால் அந்தப் பதிலை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏழெட்டாயிரம் கிலோமீட்டர் கழித்து அதே ஆட்டம் மெல்ல மெல்லத் திரும்பி வரும்போது, "இந்தக் கம்பெனி டிஸ்க் சரியில்லை, வேற போடலாம்" என்பார்கள். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். எதனால் வந்தது என்று ஒருவரும் பார்ப்பதே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

என்னுடையது பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டுதான் டிஸ்க்), பின்னால் டிரம் பிரேக். சென்னைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி ஓடுகிற வண்டி. ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. சிக்னலில் பிரேக் பிடித்தால் வெண்ணெய் மாதிரி நிற்கும். செங்கல்பட்டு தாண்டி 100ஐத் தொட்டு, விக்கிரவாண்டி டோல் கேட் போர்டு கண்ணில் பட்டு, காலை பிரேக்கில் மெதுவாக வைத்தால் மட்டும் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக நடுங்க ஆரம்பிக்கும். 80க்கு வரும்போது உச்சம். 60க்குக் கீழே போனதும் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா ஒரு தடவை என் கையையே பார்த்துக்கொண்டு வந்து, "ஏம்ப்பா கை இப்படி நடுங்குது, சுகர் பார்த்தியா?" என்று கேட்டார்.

ஊருக்குள் தெரியாமல் நெடுஞ்சாலையில் மட்டும் ஏன் தெரிகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உருளும். 100 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 14, 15 சுற்று. டிஸ்க்கின் ஓரிடம் மற்ற இடங்களைவிடத் தடித்திருந்தால், அந்த இடம் பேடுகளுக்கு (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்துகிற கட்டைகளுக்கு) நடுவில் வரும்போதெல்லாம் பிரேக் கூடுதலாகக் கவ்வும், கடந்ததும் தளரும். வீல் வினாடிக்கு 14, 15 தடவை பின்னுக்கு இழுபட்டு இழுபட்டு விடுபடுகிறது. முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் சேர்ந்த அமைப்புக்கென்று இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. பல கார்களில் அது வினாடிக்கு 10 முதல் 20 என்கிற இந்த எல்லைக்குள்தான் விழும். இரண்டும் ஒத்துப்போகிற வேகத்தில் சின்ன இழுப்பு பெரிய ஆட்டமாகக் கைக்கு வந்து சேரும். 40 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஆறு சுற்றுதான் என்பதால் அதே டிஸ்க் அதே குறையோடு சாதுவாக இருக்கும். ஆகவே தெரு முனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் தெரியலையே சார்" என்று மெக்கானிக் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவரை உட்கார வைத்து பைபாஸுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் நாமே பிரித்தறிய வேண்டிய சில விஷயங்கள் உண்டு. இதற்குச் செலவு கிடையாது.

பிரேக்கைத் தொடாமலே, 80லிருந்து 110க்குள் ஏதோ ஒரு வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கி, அதைத் தாண்டினால் குறைகிறது என்றால் அது பிரேக் சங்கதியே இல்லை. வீல் பேலன்சிங் போயிருக்கும், இல்லையென்றால் ரிம் நெளிந்திருக்கும், டயரில் எங்கேயாவது புடைப்பு இருக்கும். டயர் கடையில் பேலன்சிங் மெஷினில் ஏற்றினால் தெரிந்துவிடும். பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் வந்து, எடுத்தால் போகிறது என்றால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு. இரண்டும் கலந்து வந்தால் முதலில் பேலன்சிங்கை முடித்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, ஆட்டம் எங்கே தெரிகிறது? ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம். சீட்டுக்கு அடியிலும் முதுகிலும் தெரிந்து, ஸ்டீயரிங் கிட்டத்தட்ட அமைதியாக இருந்தால் பின் டிரம்மைச் சந்தேகப்படலாம். பிரேக் பெடல் காலுக்கடியில் ஏறி இறங்குவது இரண்டிலும் வரும், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பின் டிரம்மா என்று உறுதிசெய்ய ஹேண்ட்பிரேக் சோதனை ஒன்று இருக்கிறது. முன்னும் பின்னும் வண்டியே இல்லாத நேரான, காய்ந்த சாலையில் 50, 60 வேகத்தில், ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லிவரை மெல்ல, மிக மெல்ல ஏற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும் என்பதால், அப்போது வண்டி குலுங்கினால் கோளாறு பின்னால். வழவழவென்று வேகம் குறைந்தால் பின்பக்கம் சுத்தம். வெடுக்கென்று இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். மழையில் இதைச் செய்யவே கூடாது. பட்டன் வைத்த எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம்.

ஏ.பி.எஸ். (அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். மணல் கிடக்கும் இடத்திலோ ஈரத்திலோ அவசரமாக மிதிக்கும்போது பெடல் கடகடவென்று காலை உதைத்தால், அது ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். அதற்காக டிஸ்க்கை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

என் வண்டியில் ஹேண்ட்பிரேக் சோதனையில் எந்தக் குலுக்கலும் இல்லை. பிரேக்கைத் தொடாமல் 110 வரை போனாலும் ஸ்டீயரிங் அசையவில்லை. ஆக, முன் டிஸ்க் என்பது வரை தகராறு இல்லை. ஆனால் அந்த டிஸ்க்குகள் புதியவை. முந்தைய சர்வீசில் இதே ஆட்டத்துக்காக இரண்டையும் மாற்றி, பேடும் புதிதாகப் போட்டு, அலைன்மெண்ட், பேலன்சிங் எல்லாம் பில்லில் சேர்த்துத்தான் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாள் அருமையாக ஓடியது. பிறகு ஸ்டீயரிங்கில் ஒரு மெல்லிய கூச்சம், அப்புறம் நடுக்கம், அப்புறம் அம்மா கேட்ட கேள்வி.

திருச்சியில் அண்ணன் முறை வைத்து நான் கூப்பிடுகிற ஒரு மெக்கானிக் இருக்கிறார். பெரிய இடம் கிடையாது, தகரக் கொட்டகைதான். பழைய பில்லைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "புது டிஸ்க் வாங்கிட்டு வா தம்பி, மாட்டித் தரேன். ஆனா அடுத்த தீபாவளிக்கு மறுபடியும் இங்கதான் வந்து நிப்ப" என்றார். டிஸ்க்கைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இடது முன் வீலைக் கழற்றினார். வீல் இல்லாவிட்டால் டிஸ்க் ஹப்பின் (டிஸ்க்கும் வீலும் பூட்டப்படுகிற, சக்கரத்தோடு சுற்றும் நடுப்பகுதி) மேல் லொடலொடவென்று இருக்கும், அப்படியே அளந்தால் அளவு தப்பாக வரும். அதனால் வீல் நட்டுகளுக்கு அடியில் தடித்த வாஷர் கொடுத்து, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கி, டிஸ்க்கை ஹப்போடு அழுத்தமாகப் பிடிக்க வைத்தார். காந்த அடி வைத்த ஸ்டாண்டை ஸ்டீயரிங் நக்கிளில் (ஹப்பைத் தாங்குகிற, சுற்றாத இரும்புப் பாகம்) ஒட்டவைத்து, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தொடும்படி நிறுத்தினார். டயலை பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டு, டிஸ்க்கைக் கையால் அங்குலம் அங்குலமாகச் சுற்றினார். முள் மெல்ல ஏறி, ஓரிடத்தில் நின்று, மெல்ல இறங்கியது. 0.14 மி.மீ. வலது பக்கம் அதே மாதிரி பார்த்ததில் 0.04. பெரும்பாலான கம்பெனிகள் ஒத்துக்கொள்கிற எல்லை 0.05 முதல் 0.1 வரைதான்.

இதைத்தான் ரன்அவுட் என்கிறார்கள். டிஸ்க் நேராகச் சுற்றாமல் பக்கவாட்டில் சற்றே அலைபாய்வது. ஆனால் இந்த அலைச்சல் நேரடியாக ஸ்டீயரிங்கை ஆட்டுவதில்லை. எனக்கு இது புதிய செய்தி. நம் கார்களின் காலிப்பர், அதாவது பேடுகளை அழுத்துகிற கவ்வி, இரண்டு பின்களின் (சின்ன இரும்புத் தண்டுகளின்) மேல் பக்கவாட்டில் நகரக்கூடியது. டிஸ்க் அந்தப் பக்கம் போனால் தானும் கூடவே போகும், அழுத்தம் பெரிதாக மாறாது. அதனால்தான் புது டிஸ்க் போட்ட அன்று வண்டி அமைதியாக இருக்கிறது. வினை வேறு வழியில் வருகிறது. பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் அலைபாய்கிற டிஸ்க்கின் மேடான பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடில் உரசிவிட்டுப் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி உரசி உரசி அந்த இடம் தேயும். ஒரே டிஸ்க்கில் ஓரிடம் மெலிசு, ஓரிடம் தடிப்பு. ஆட்டத்தைக் கொடுப்பது இந்தத் தடிமன் வித்தியாசம்தான். அதற்குப் பெரிய வித்தியாசம் வேண்டாம், 0.01, 0.02 மி.மீ. போதும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான அளவு. கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது.

தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டரை எடுத்து டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடங்களில், விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் அளந்தார். சாக்பீஸால் ஒவ்வொரு இடத்திலும் எண் போட்டுக்கொண்டார். அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 0.03. ஸ்டீயரிங் ஆடாமல் என்ன செய்யும்?

அலைச்சல் டிஸ்க்கிலா, ஹப்பிலா என்று கண்டுபிடிக்க அவர் செய்த காரியம் எளிமையானது, ஆனால் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முள் உச்சத்தில் இருந்த இடத்தில் டிஸ்க்கிலும் ஒரு கோடு, அதற்கு நேராக ஹப்பிலும் ஒரு கோடு போட்டார். டிஸ்க்கைக் கழற்றி, இரண்டு ஓட்டை தள்ளி மாட்டி, மறுபடி இறுக்கி, மறுபடி சுற்றினார். உச்சம் டிஸ்க்கின் கோட்டோடு நகர்ந்திருந்தால் டிஸ்க் கோணல். ஹப்பின் கோட்டிலேயே நின்றால் ஹப்பில் கோளாறு. ஹப்பின் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது.

டிஸ்க்கை எடுத்துவிட்டு ஹப்பின் முகத்தை டார்ச் அடித்துக் காட்டினார். நடு வளையத்தைச் சுற்றி துரு ஏடு ஏடாக ஏறியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் மொத்தமாக. அதன் மேல் டிஸ்க் அழுந்திய தடம் பளபளவென்று தெரிந்தது. டிஸ்க்கை மாற்றியவர்கள் பழையதைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு, புதியதை அந்தத் துருவின் மேலேயே வைத்து நட்டைப் பூட்டியிருக்கிறார்கள். ஹப்பின் முகம் டிஸ்க்கைவிடச் சின்ன வட்டம். அங்கே ஒரு துகள் உயர்ந்திருந்தால், தூரத்தில் இருக்கிற விளிம்பில் அது அதைவிடப் பெரிய அலைச்சலாகத் தெரியும். சென்னையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் இந்தத் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வீல் நட்டு ஏறுகிற ஸ்டட்டுகளைச் சுற்றி மூலை மூலையாக உப்புத்தாள் போட்டு, துணியால் துடைத்து, விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தார். கிரைண்டர் வைக்கவில்லை. வைத்தால் துருவோடு சேர்த்து இரும்பும் போய், ஹப் நிரந்தரமாகக் கோணலாகிவிடும் என்றார். டிஸ்க்கின் உள்பக்கமும் அதே மாதிரி சுத்தம். மாட்டி அளந்தால் 0.05. துரு மட்டும் 0.09 மி.மீ. ஆட்டத்தைக் கொடுத்திருக்கிறது.

மிச்சம், டிஸ்க்கின் தடிமன் வித்தியாசம். புது டிஸ்க் போடுவதா, லேத்தில் (கடைசல் மெஷினில்) கொடுத்துச் சீவுவதா? இதற்கு டிஸ்க்கிலேயே பதில் பொறித்திருக்கும். விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று எண் இருக்கும். என்னுடையதில் 18 மி.மீ.; அளவில் 19.6 வந்தது. இரண்டு பக்கமும் மயிரிழை சீவினாலும் தாராளமாக மிச்சம் இருந்தது. எண்ணுக்கு மிக அருகில் இருந்தால் சீவக் கூடாது. மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, சீக்கிரம் மறுபடி ஆடும். எண்ணுக்குக் கீழே போய்விட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும், பேச்சே இல்லை. லேத்துக்கு ஆனது புது டிஸ்க் விலையில் சின்னப் பங்குதான். ஆனால் லேத்காரர் டிஸ்க்கைப் பிடிக்கிற விதத்தில் கோணல் வந்தால் இருந்ததும் போச்சு. அதனால் அண்ணன் தனக்குப் பழக்கமான லேத்துக்குத்தான் கொடுத்தார், திரும்பி வந்ததும் மறுபடி கேஜ் வைத்துப் பார்த்தார். சில ஊர்களில் வண்டியிலேயே மாட்டி வைத்துச் சீவுகிற மெஷின் இருக்கிறது. கிடைத்தால் அது நல்லது, ஹப் சுற்றுகிற விதத்துக்கு ஏற்பவே டிஸ்க் நேராகும்.

இன்னொன்றும் அகப்பட்டது. இடது காலிப்பரின் இரண்டு பின்களில் கீழ்ப் பின் நகரவே மறுத்தது. ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போய், உள்ளே கிரீஸ் காய்ந்து பசையாகி இருந்தது. பின் இறுகினால் காலிப்பர் நகராது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் ஒரு பேட் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் மட்டும் சூடேறும். இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி, வண்டியை மெல்லத் தானாக நிற்கவிட்டு, இரண்டு முன் ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. சாதாரண கிரீஸைப் பூசினால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும். பிரேக்குக்கென்று விற்கிற சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். ஒரு சின்னப் பாக்கெட் பல வருஷத்துக்கு வரும்.

லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கையை வண்டியோடு இணைக்கிற ரப்பர்) வெடித்திருந்ததையும் காட்டினார். இது ஆட்டத்தை உண்டாக்காது, ஆனால் பெரிதாக்கிக் காட்டும். புஷ் இறுக்கமாக இருக்கிற வண்டியில் கைக்குத் தெரியாமலே போயிருக்கும் 0.02 மி.மீ., புஷ் தொய்ந்த வண்டியில் கையை உதறும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்டும் அப்படித்தான். சக்கரத்தைத் தூக்கிவைத்து, கடிகாரத்தின் 9, 3 மணி இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டில் லூஸ் இருந்தால் தெரியும். 12, 6 இடங்களில் ஆட்டினால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். சிலர் ஆட்டத்துக்காக புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்பார்கள். பாதி சரியாகியிருக்கும். மீதியைப் புது புஷ் கொஞ்ச காலம் விழுங்கிக்கொண்டிருக்கும்.

நட்டு இறுக்குகிற விஷயத்தில்தான் அண்ணன் கோபப்பட்டார். பஞ்சர் கடையில் நட்டு முடுக்குகிற கன் வைத்து டர்ரென்று அடிக்கிறார்களே, அதில் ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு இறுக்கம். ஒரு பக்கம் அதிகமாக இறுகினால் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிற டிஸ்க் அந்தப் பக்கம் இழுபடும். சுத்தமான ஹப், புது டிஸ்க் எல்லாம் இருந்தும் ரன்அவுட் வருவதற்கு இந்தக் கன்னே போதும். சின்னக் கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்தான் அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று ஓனர் மேனுவலில் இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். பஞ்சர் போட்டதும் கையால் மாட்டச் சொல்லி, எதிரெதிராக நானே இறுக்கிக்கொள்கிறேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஸ்டட் மரையில் எண்ணெய் விடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. எண்ணெய் பட்டால் ரென்ச் காட்டுவதைவிட நிஜத்தில் அதிகமாக இறுகிவிடும், வேண்டாம்.

எல்லாம் மாட்டி முடித்ததும் பேடையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். இதை ஒர்க்‌ஷாப்பில் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. போக்குவரத்து இல்லாத இடத்தில் 60லிருந்து 20 வரை மிதமாக பிரேக் பிடித்து, நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, பத்துத் தடவை போலச் செய்து, பிறகு சில கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விட வேண்டும். பேடின் பொருள் ஒரு மெல்லிய படலமாக டிஸ்க் முழுக்கச் சமமாகப் படிவதற்காக இது. சமமாகப் படியாவிட்டால் அங்கங்கே திட்டாக ஒட்டிக்கொள்ளும், காய்ந்த தோசைக்கல்லில் மாவு பிடித்துக்கொள்வது மாதிரி. ஒட்டிய இடம் ஒரு கவ்வு, ஒட்டாத இடம் ஒரு கவ்வு. "பெண்டு" என்று தூக்கிப் போடப்படுகிற டிஸ்க்குகளில் பல உண்மையில் இப்படித் திட்டு விழுந்தவைதான். வார்ப்பிரும்பு டிஸ்க் சாதாரண ஓட்டத்தில் அவ்வளவு சுலபமாக வளைவதில்லை.

திட்டு விழ வைக்கிற பழக்கம் நம்மிடம் ஒன்று இருக்கிறது. 100லிருந்து டோல் கேட் வரிசைக்குப் பின்னால் கடைசி நேரத்தில் அழுத்திப் பிடித்து நின்று, அப்படியே பெடலை மிதித்துக்கொண்டே காத்திருப்பது. சுடச்சுட இருக்கிற டிஸ்க்கின் ஒரே இடத்தில் பேட் அழுந்தி நிற்கிறது. பேடின் உருவமே அச்சாக விழும். நான் இப்போது தூரத்திலேயே ஆக்சிலேட்டரை விட்டு, கியரைக் குறைத்துக்கொண்டு வருகிறேன். நின்ற பிறகு சமதரையாக இருந்தால் காலை எடுத்துவிட்டு, ஓர் அடி ஓர் அடியாக நகர்ந்துகொள்கிறேன். சரிவாக இருந்தால் இந்த யோசனையை மறந்துவிட்டு பிரேக்கைப் பிடியுங்கள், பின்னால் நிற்பவர் பம்பர் முக்கியம்.

மலையிலிருந்து இறங்கும்போது இன்னும் மோசம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ, கொல்லிமலையின் 70 வளைவுகளையோ மூன்றாவது கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க் சில நூறு டிகிரிக்குப் போகும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்கும் பொருந்தும். அடிவாரத்தில் இறங்கிய கையோடு வாட்டர் வாஷுக்கு விடாதீர்கள். அரை மணி நேரம் டீ குடித்துவிட்டுப் போகலாம்.

மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் முதல் சில பிரேக்குக்குக் கரகரவென்று சத்தமும் லேசான அதிர்வும் வரும். மேல் துருதான், பத்து இருபது பிரேக்கில் போய்விடும். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால் பேட் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் துரு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வெறும் ஆட்டம் என்றால் நிதானமாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனாலோ, இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் வந்தாலோ, டிஸ்க்கில் விளிம்பு வரை விரிசல் தெரிந்தாலோ ஓட்டாதீர்கள். வீலைக் கழற்றி மாட்டிய மறுநாளே ஆட்டம் வந்தால் முதலில் நட்டு லூசா என்று பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும் என்றால், என் கணக்கில் ஒரே கேள்வி போதும்: "டயல் கேஜ் இருக்கா?" இருந்தால் அளவை ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும், டிஸ்க் மாட்டிய பிறகு. டயல் கேஜும் ஸ்டாண்டும் அப்படியொன்றும் யானை விலை இல்லை, ஒரு ஜோடி டிஸ்க்கைவிட மலிவாகவே கிடைக்கும். இல்லை என்றால் குறைந்தது ஹப்பைத் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லி, மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கஸ்டமர் உள்ளே வரக் கூடாது என்கிற இடங்களில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். முகம் சுளித்தாலும் அனுப்புகிறார்கள்.

புஷ், பின், லேத் எல்லாம் முடிந்து அன்று சாயங்காலமே சமயபுரம் தாண்டி ஓட்டிப் பார்த்தோம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 110லிருந்து இறக்கினேன், கையில் ஒன்றும் வரவில்லை. "இப்பவே சந்தோஷப்படாத, புது டிஸ்க் போட்டப்பவும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். அவர் சொன்னது சரிதான். இடது பக்கம் இன்னும் 0.05 இருக்கிறது. எல்லைக்குள்தான், ஆனால் வலது பக்கத்தைவிட அதிகம். ஐயாயிரம் கிலோமீட்டரில் டயர் மாற்றிப் போடும்போது மறுபடி கேஜ் வைப்பதாக ஏற்பாடு. அளவு ஏறியிருந்தால் வீல் பேரிங்கையும் ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், அதற்கான விலையை இப்போதே விசாரித்து வைத்திருக்கிறேன்.